ஏட்டில் உள்ளவனை மேடையில் எழுப்புதல்

(வெள்ளிவிழாக் கலையரங்கில் ஆற்றிய உரை)

    

வெள்ளிவிழாவையொட்டி நம் இளைஞர்கள் நாடகம் ஒன்றை அரங்கேற்ற முடிவு செய்துள்ளனர் என்பதை அறிந்து மகிழ்ந்தேன். அவர்களுள் சிலர் என்னிடம் வந்து, "ஐயா, வசனம் மனப்பாடமாகிவிட்டது, அடுத்து என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டனர். நல்ல கேள்வி. வசனம் நெஞ்சில் நின்றுவிட்டால் நடிப்பு வந்துவிடும் என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஏட்டில் எழுத்தாகக் கிடக்கும் ஒருவனை உயிருள்ள மனிதனாக மேடையில் எழுப்புவதற்கு இடையில் பல படிகள் உள்ளன. அப்படிகளைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

கல்விச் சங்கத்தின் விழாவில் நடிப்பைப் பற்றிய பேச்சு எதற்கு எனப் பெரியோர் சிலர் கருதக்கூடும். மகாத்மா ஜோதிராவ் புலே அவர்கள் 1848-ஆம் ஆண்டில் புனே நகரில் பெண்களுக்குப் பள்ளி திறந்தார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1855-இல், அவர் 'திருதீய ரத்னா' என்னும் நாடகத்தை எழுதினார். புரோகிதன் ஒருவன் சொல்லை நம்பி ஏமாந்த உழவர் தம்பதியர், எழுத்தறிவு பெற வேண்டும் என்னும் முடிவுக்கு வருவதே அதன் கதை. பள்ளி திறந்த கையே நாடகமும் எழுதியது. கல்வியும் நாடகமும் ஒரே வேலையின் இரு பகுதிகள் என்பதை அப்பெருமகனார் நமக்கு முன்பே உணர்ந்திருந்தார்.

நம் மண்ணின் நடிகர்

வெளியூர்ச் சான்றுகளைத் தேடுமுன் நம் மாவட்டத்தையே பார்ப்போம். தியாகி விஸ்வநாததாஸ் 1886-ஆம் ஆண்டில் நம் சிவகாசியிலே பிறந்தவர். பின்னர்த் திருமங்கலத்தில் வாழ்ந்தவர். முடிதிருத்தும் தொழிலுக்குரிய மருத்துவர் குலத்தில் தோன்றியவர். வள்ளி திருமணம் முதலான நாடகங்களில் தேசியப் பாடல்களைப் பாடி, ஆங்கில ஆட்சியால் பலமுறை சிறைப்பட்டவர். 1940-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள், சென்னை ராயல் தியேட்டரில் முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்திருந்த நிலையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

அவர் நடிப்பில் நாம் கற்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வெள்ளைக் கொக்கைப் பற்றிய பாட்டு ஒன்றை அவர் மேடையில் பாடுவார். அதனை இயற்றியவர் மதுரகவி பாஸ்கரதாஸ். சொல்லளவில் அது பறவையைப் பற்றிய பாட்டு. ஆனால் அந்தக் கொக்கு யாரென்பது கேட்டவர் அனைவர்க்கும் புரிந்தது. காவல் துறையினர்க்கும் புரிந்தது. ஏட்டில் எழுதப்பட்ட சொல் ஒன்று. அச்சொல்லின் அடியில் ஓடும் எண்ணம் வேறொன்று. அந்த அடியோட்டத்தைக் கண்டுபிடித்து அவையோர்க்குச் சேர்ப்பவனே நடிகன்.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேடையில் அவர் முருகனாக நின்றபோது மக்கள் கைகூப்பினர். திரைக்குப் பின்னாலோ, அவர் பிறந்த குலத்தைக் காட்டி நடிகையர் சிலர் அவருடன் நடிக்க மறுத்தனர். அந்நிலையில் முன்வந்து அவருடன் நடித்தவர், பின்னாளில் பொதுவுடைமை இயக்கத் தலைவராகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கிய கே. பி. ஜானகியம்மாள். விஸ்வநாததாஸ் நம் வகுப்பினர் அல்லர். எனினும் அவர் பெற்ற அவமதிப்பு நமக்குப் புதியதும் அன்று. யார் எந்த வேடம் கட்டலாம் என்ற கேள்வி, நடிப்புக் கலையில் நமக்கு வாழ்வுரிமைக் கேள்வியாகவே இருந்து வந்துள்ளது.

முதற்படி: படித்தல்

நடிப்பு முதலாவதாகப் படிப்பே. பம்மல் சம்பந்த முதலியார் (1873–1964) வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் பணியாற்றியவர். 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தவர். கற்றோர் மேடையேறுவதை இழிவாகக் கருதிய காலத்தில் மேடையேறிய அவர், 'நடிப்புக் கலையில் தேர்ச்சி பெறுவதெப்படி?' என்றே ஒரு நூல் எழுதினார். நடிப்பு பிறவி வரம் என்று மட்டும் அவர் எண்ணியிருந்தால் அந்நூல் பிறந்திராது. அது பயின்று பெறத்தக்க தேர்ச்சி.

ஆகவே, ஏடு கைக்கு வந்ததும் உங்கள் வசனத்தை மட்டும் தேடி அடிக்கோடு இடாதீர்கள். நாடகம் முழுவதையும் மூன்று முறை படியுங்கள். முதன்முறை, கதை கேட்பவரைப்போலப் படியுங்கள். இரண்டாம் முறை, குறிப்பேடு ஒன்றில் மூன்று பத்தி போடுங்கள். என் பாத்திரம் தன்னைப் பற்றிச் சொல்வது என்ன? பிறர் அவனைப் பற்றிச் சொல்வது என்ன? அவன் செய்வது என்ன? இம்மூன்றும் பெரும்பாலும் ஒன்றாயிரா. ஒருவன் தன்னை வீரன் என்பான். ஊரார் அவனைக் கோழை என்பர். அவனோ ஆபத்து வரும்போது ஓடாமல் நிற்பான். பாத்திரம் பிறப்பது இம்முரண்பாட்டிலேதான். மூன்றாம் முறை, எழுதப்படாதவற்றைத் தேடிப் படியுங்கள். இக்காட்சிக்கு முன் அவன் எங்கிருந்தான்? உண்டானா? யாருக்குக் கடன்பட்டிருக்கிறான்? யாருக்கு அஞ்சுகிறான்?

உருசிய நாட்டு நாடகப் பேராசான் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி (1863–1938), 1898-இல் மாஸ்கோ கலை அரங்கைத் தம் நண்பருடன் இணைந்து நிறுவியவர். அவர் தம் மாணவர்க்கு வகுத்த முறையும் ஏறத்தாழ இதுவே. பாத்திரத்துக்கு ஏடு தந்துள்ள சூழ்நிலைகளை முதலில் திரட்ட வேண்டும். பிறகு, 'இச்சூழ்நிலையில் நான் இருந்தால் என்ன செய்வேன்?' என்று தன்னையே கேட்க வேண்டும். 'எவ்வாறு அழுவேன்' என்று கேட்டால் போலி அழுகைதான் வரும். 'என்ன செய்வேன்' என்று கேட்டால் செயல் வரும்; செயலைத் தொடர்ந்து உணர்ச்சி தானே வரும்.

இரண்டாம் படி: வேண்டுவது என்ன?

ஒவ்வொரு பாத்திரமும் எதையோ வேண்டுகிறது. நாடகம் முழுமையிலும் அவன் வேண்டுவது ஒன்று. அந்தந்தக் காட்சியில் வேண்டுவது ஒன்று. அதனை ஒரே வினைச்சொல்லில் ஏட்டின் ஓரத்தில் எழுதுங்கள். 'கோபம்', 'சோகம்' என்று எழுதினால் நடிக்க இயலாது. 'தடுக்கிறான்', 'மறைக்கிறான்', 'கெஞ்சுகிறான்', 'சோதிக்கிறான்' என்று எழுதினால் உடல் உடனே வேலை செய்யத் தொடங்கும்.

நமக்குத் தெரிந்த வாழ்விலிருந்தே ஒரு காட்சியைக் கற்பனை செய்வோம். பட்டாசு ஆலையில் மருந்துக் கலவை செய்யும் தந்தை. மேல்நிலைத் தேர்வில் வெற்றி பெற்ற மகள். கல்லூரியில் சேர வேண்டும் என்கிறாள். தந்தை, "படித்து என்ன ஆகப்போகிறது?" என்கிறார். ஏட்டில் உள்ளது இவ்வொரு வரியே. இதனைக் கொடுமைக்காரத் தந்தையின் குரலில் உரக்கச் சொல்லிக் கைத்தட்டல் பெறுவது எளிது. ஆனால் சூழ்நிலைகளைத் திரட்டிப் பாருங்கள். தீபாவளிக்குப் பின் ஆலை சில வாரம் மூடிக்கிடக்கும். அந்நாளில் வாங்கிய முன்பணம் கழியவில்லை. அடுத்த முன்பணத்துக்கு வீட்டிலிருந்து இன்னொரு ஆள் வேலைக்கு வரவேண்டும் எனக் கேட்டிருக்கிறார்கள். இவை தெரிந்தபின், அவ்வரியில் தந்தை மகளைத் தடுக்கவில்லை, தன் இயலாமையை மறைக்கிறார் என்பது விளங்கும். 'தடுக்கிறான்' என்ற வினைச்சொல்லை அடித்துவிட்டு 'மறைக்கிறான்' என்று எழுதுங்கள். குரல் தானே தாழும். கண் மகளைப் பார்க்காமல் விலகும். அவையிலிருக்கும் எத்தனையோ தந்தையர் தலைகுனிவர்.

மூன்றாம் படி: உடல்

இனி உடலுக்கு வருவோம். அத்தந்தை எப்படி நடப்பார்? மருந்தறையில் செருப்பு அணியலாகாது. உராய்வும் அதிர்ச்சியும் ஆபத்து. எனவே பாத்திரத்தை இழுக்கலாகாது. மெல்லத் தூக்கி மெல்ல வைக்க வேண்டும். ஓர் அறையில் பலர் கூடியிருக்கலாகாது. இருபது ஆண்டு இவ்வாறு வேலை செய்தவர் வீட்டிலும் சொம்பை ஓசையின்றித்தானே வைப்பார்? அலுமினியப் பொடி நகக்கண்ணில் படிந்த கையோடு மகளின் மதிப்பெண் பட்டியலைத் தொடத் தயங்குவார் அல்லவா? வெளியிலிருந்து வரும் நடிகர் எவர்க்கும் கிட்டாத செல்வம் இது. நம் தெருவில் இது கொட்டிக் கிடக்கிறது. சரம் பின்னும் தாயின் விரல், தீப்பெட்டி ஆலைக்கு விடியலில் புறப்படும் பெண்களின் நடை ஆகியவற்றைப் பாருங்கள்; குறிப்பேட்டில் எழுதுங்கள். ஆனால் ஒருவரைக் கேலி செய்வதற்காகப் பார்க்காதீர்கள். அவர் அவ்வாறு நிற்பதற்குக் காரணம் என்ன என்று அறிவதற்காகப் பாருங்கள்.

ஔவை தி. க. சண்முகம் ஆடவர், இளமை நீங்காதவர், அவர் முதுபெரும் கிழவியாக ஔவையார் நாடகத்தில் நடித்தபோது, அப்பாத்திரத்தின் பெயரே அவருக்குப் பட்டமாக நிலைத்துவிட்டது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய பாலர் சபையில் சிறுவனாகப் பயின்றவர் அவர். வயதும் பாலும் நடிகனுக்கு வேலியல்ல என்பதற்கு அவர் சான்று. அவ்வாறாயின் குலம் மட்டும் எங்ஙனம் வேலியாகும்?

உணர்ச்சிக்கு நம் முன்னோர் வகுத்த இலக்கணமும் உண்டு. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் நான்கு காரணங்களால் பிறக்கும் என்கிறார். நடிகனுக்கு இப்பகுப்பு பெருந்துணை. அழுகை என்று ஏட்டில் இருந்தால், எந்த அழுகை என்று கேளுங்கள். இழவால் வரும் அழுகை வேறு; வறுமையால் வரும் அழுகை வேறு; பிறர் இழித்துரைத்ததால் வரும் அழுகை வேறு. மூன்றையும் ஒரே ஓலத்தால் காட்டுபவன் ஒன்றையும் காட்டவில்லை. பெருமிதத்துக்கு அவர் தரும் நான்கு காரணங்களுள் முதலில் நிற்பது கல்வி; அஞ்சாமையும் புகழும் கொடையும் அதன் பின்னரே வருகின்றன. செல்வமோ பிறப்போ அப்பட்டியலில் இல்லை. கல்விச் சங்கத்தின் இளைஞர்கள் இதனை நெஞ்சில் பதிக்க வேண்டும்.

வீரபாகு யார்?

இப்படிகளையெல்லாம் ஒரு பாத்திரத்தின்மீது வைத்துப் பார்ப்போம். நம் பக்கத்துத் திருவிழாக்களில் இரவு முழுதும் நடக்கும் அரிச்சந்திரன் நாடகத்தை நீங்கள் அறிவீர்கள். காந்தியடிகள் சிறுவயதில் இக்கதையை மேடையில் கண்டு, தம் மனத்துக்குள் எண்ணற்ற முறை அரிச்சந்திரனாக நடித்துப் பார்த்ததாகத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். எல்லாரும் அரிச்சந்திரனாகவே தம்மை எண்ணிப் பார்க்கின்றனர். அவனை விலைக்கு வாங்கிய சுடுகாட்டுத் தலைவன் வீரபாகுவாக எண்ணிப் பார்ப்பவர் யார்?

பல ஊர்களில் வீரபாகு எவ்வாறு மேடைக்கு வருகிறான்? முகத்தில் கரி, கையில் கள் மொந்தை, தள்ளாட்டம், கொச்சைப் பேச்சு, அவை சிரிப்பதற்கென்றே ஆட்டம். அச்சிரிப்பைக் கேட்டுக்கொண்டு தரையில் அமர்ந்திருந்த நம் பெரியோர் எத்தனை பேர்!

இப்போது கதையைப் படியுங்கள். முனிவனின் கடனுக்காக மனைவியையும் மகனையும் விற்ற அரசன், காசித் தெருவில் தானும் விலைக்கு நிற்கிறான். அத்தனை பெரிய நகரில் அவனுக்குரிய விலையை எடுத்து வைப்பவன் வீரபாகு ஒருவனே. ஆகவே அவன் பொருளுடையவன். கொடுத்த சொல்லை நடத்துபவன். பிணத்துக்குரிய காட்டுரிமையாக முழத்துண்டும் கால்பணமும் தனக்கு வரவேண்டும் என்கிறான். வாய்க்கரிசியைப் பணியாளுக்கு விட்டுவிடுகிறான். ஆகவே அவன் கணக்குடையவன். உழைப்பவனுக்குப் பங்கு தருபவன். மன்னனும் ஏழையும் இறுதியில் தன் வாயிலுக்கு வந்தே தீரவேண்டும் என்பதை அறிந்தவன். ஊர் அவனைத் தீண்டுவதில்லை. ஆயினும் அவனின்றி ஊருக்கு ஈமக்கடன் இல்லை.

இத்தகையவன் எதை வேண்டுகிறான்? தன் உரிமைப் பங்கு தவறாமல் வரவேண்டும். அதைக் காக்கப் பொய் சொல்லாத ஒருவன் வேண்டும். அத்தகையவனிடமா கத்தலும் தள்ளாட்டமும் பொருந்தும்? "என் பங்கு எங்கே?" என்று அவன் கேட்பதாக வைத்துக்கொள்வோம். ஒருமுறை இரந்து சொல்லிப் பாருங்கள். ஒருமுறை மிரட்டிச் சொல்லிப் பாருங்கள். மூன்றாம் முறை, எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை நினைவூட்டுபவனைப்போல அமைதியாகச் சொல்லிப் பாருங்கள். மூன்றாவதில்தான் வீரபாகு எழுந்து நிற்பான். ஏட்டில் கள் குடிப்பதாக இருந்தால் அதையும் நடியுங்கள். ஆனால் நாள்தோறும் பிணப் புகையில் நிற்பவன் ஏன் குடிக்கிறான் என்பதை அறிந்து நடியுங்கள். அப்போது அவையில் சிரிப்பு எழாது.

இதனால் நாம் அறிவது யாது? நம்மை இழிவாகக் காட்டியதில் ஏட்டின் பங்கு எவ்வளவு, மேடை வாடிக்கையின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்தறியும் அறிவு, பாத்திரத்தைப் படித்து உருவாக்கும் பயிற்சியால் வரும். ஏடே இழிவுபடுத்தினால் அந்த ஏட்டைத் தள்ளுங்கள். புதிய ஏடு எழுதுங்கள். முனைவர் கே. ஏ. குணசேகரன் (1955–2016) 'பலி ஆடுகள்' நாடகத்தை எழுதியது அவ்வழியில்தான். வாடிக்கை இழிவுபடுத்தினால், ஏட்டைத் திறந்து காட்டி வாடிக்கையை மாற்றுங்கள்.

எதிர் வேடமும் நம் வேடமே

நான் மாணவனாக இருந்த பள்ளி ஒன்றில் ஆண்டு விழா நாடகத்தில் நம் தெருப் பிள்ளைகளுக்குக் கிடைத்தவை ஈட்டி பிடிக்கும் காவலன் வேடமும், ஓலை கொண்டுவரும் தூதன் வேடமுமே. பேச்சு ஒரு வரியைத் தாண்டாது. இன்று நம் மேடையில் நாமே வேடம் பகிர்கிறோம். அரசனும் நாமே, அறிஞனும் நாமே. நம்மை ஒடுக்கும் பண்ணையாரின் வேடத்தையும் நம்மில் ஒருவரே கட்ட வேண்டியிருக்கிறது. இங்கேதான் கடினமான சோதனை. மீசையை முறுக்கிக் கண்ணை உருட்டிச் சவுக்கைச் சுழற்றினால் அவை கைதட்டும். ஆனால் யாரும் எதையும் கற்கமாட்டார்கள். உண்மையான பண்ணையார் தம்மைத் தீயவர் என்று எண்ணுவதில்லை. 'என் வீட்டுச் சோற்றில் வளர்ந்தவன்' என்றும், 'ஊர் ஒழுங்கு கெட்டுவிடும்' என்றும் அவர் மனமார நம்புகிறார். அந்த நம்பிக்கையைக் கண்டுபிடித்து, இன்முகத்தோடு நடியுங்கள். சவுக்கைவிட அந்த இன்முகமே அவையை நடுங்க வைக்கும். செர்மனி நாட்டு நாடக ஆசிரியர் பிரெக்ட் (1898–1956), நடிகன் பாத்திரத்தில் கரைந்துவிடாமல், 'இவன் இவ்வாறு செய்கிறான், ஏன் என்று பாருங்கள்' எனக் காட்டுபவனாக நிற்க வேண்டும் என்றார். பண்ணையார் வேடத்துக்கு அது ஏற்ற வழி. ஒருவனுடைய எண்ணத்தை அறிவது அவனை ஏற்றுக்கொள்வது ஆகாது. அறியாமல் எதிர்ப்பதைவிட அறிந்து எதிர்ப்பது வலிமையுடையது.

ஒத்திகைக்குச் சில சொற்கள்

ஆலையிலிருந்து களைத்து வருபவர்கள் நீங்கள். இரவு இரண்டு மணி நேரமே கிடைக்கும். அதை வீணாக்காதீர்கள். முதல் வாரம் யாரும் எழுந்து நிற்க வேண்டாம். வட்டமாக அமர்ந்து ஏட்டைப் படித்து விவாதியுங்கள். எழுத்துக்கூட்டிப் படிப்பவர் இருந்தால் அருகில் அமர்ந்து உதவுங்கள்; நாடகம் முடிவதற்குள் அவர் சரளமாகப் படிப்பார். வசனத்தை இசைபோல ஒரே தொனியில் மனப்பாடம் செய்யாதீர்கள். பிறகு அத்தொனி மாறாது. உடன் நடிப்பவர் பேசும்போது உங்கள் முறைக்காகக் காத்திராமல் உண்மையாகவே கேளுங்கள். கேட்பவன் முகத்தைத்தான் அவை பார்க்கிறது. ஒலிபெருக்கி இருந்தாலும் கடைசி வரிசைக்குச் சொல் தெளிவாகச் சேருமாறு மூச்சைப் பழக்குங்கள். பெண் பாத்திரங்களை நம் பெண்களே ஏற்கட்டும். அவர்கள் பாதுகாப்பாக வீடு சேரும் பொறுப்பைச் சங்கம் ஏற்கட்டும். நாடகம் முடிந்ததும் ஒப்பனையோடு பாத்திரத்தையும் கழற்றி வையுங்கள்.

இளைஞர்களே! இன்னொருவனாக நின்று பார்க்கக் கற்றவன், தன்னைப் பற்றிப் பிறர் எழுதி வைத்த வேடத்தையும் ஆராய்ந்து பார்க்கக் கற்றுக்கொள்வான். நமக்கென்று ஊர் எழுதி வைத்த ஏடு ஒன்று உண்டு. அதில் நமக்கு ஒரு வரிப் பேச்சே தரப்பட்டிருந்தது. அந்த ஏட்டைப் படித்து, கேள்வி கேட்டு, திருத்தி எழுதவே இச்சங்கம் தோன்றியது. உங்கள் நாடகம் அப்பணியின் ஒரு பகுதியாக அமையட்டும். பங்குனிப் பொங்கலுக்கு முன் ஒத்திகைக் குறிப்பேட்டுடன் என்னைக் காண வாருங்கள். முதல் வட்டத்தில் உங்களோடு அமர்ந்து படிக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.